அப்பாவின் கடிதத்தில் பதினோரு அட்ஜஸ்ட்

என் தம்பி ஜப்பானில் ஒரு பெண்ணைக் காதலித்தபோது எங்கள் வீட்டில் முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவள் நான். அவனுக்கு அந்த மொழியின் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. சென்னையில் ஒரு ஜப்பானியக் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தபோது அவர்களே வாத்தியார் வைத்து எனக்குக் கற்றுத்தந்தார்கள். கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்த பிறகு, ஆங்கிலத்தில் இருக்கும் இயந்திரக் கையேடுகளை வீட்டிலிருந்தே ஜப்பானிய மொழிக்கு மாற்றிக்கொடுப்பது என் பிழைப்பானது. "வேலியில போற ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டவ நீதாண்டி," என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்தாள். "மூக்குதான் கொஞ்சம் சின்னது, மத்தபடி லட்சணமா இருக்கா," என்றாள். அதோடு எங்கள் தரப்புச் சம்மதம் முடிந்தது.

எதிர்த்தரப்பில் ஒரே ஒருவர்தான். பெண்ணின் அப்பா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஒற்றை மகளை வளர்த்தவர். அவர் சரி என்று சொல்லாமல் அந்தப் பெண் கல்யாணம் செய்துகொள்ள மாட்டாள் என்பதை என் தம்பி முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டான். அவரும் முடியாது என்று சொல்லவில்லை. குடும்பத்தைப் பற்றித் தெரிய வேண்டும் என்றார். "அக்கா, அப்பாவ ஒரு லெட்டர் எழுதச் சொல்லு. நீ மாத்திக் குடுத்துடு. அவ்வளவுதான் வேலை," என்றான் தம்பி. அவ்வளவுதான் வேலையாம்!

அப்பா வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நெல் விவசாயம் செய்பவர். அதோடு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராகவும் பல வருஷம் இருந்தவர். அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதி எழுதிக் கை பழகியவர். "தமிழ்ல எழுதுங்கப்பா, நான் மாத்திக்கறேன்" என்றேன். "வெளிநாட்டு சம்பந்திக்குத் தமிழ்ல எழுதறதா? நல்லாயிருக்காதும்மா. இங்கிலீஷ்ல எழுதறேன். நீ ஜப்பான்ல போடு. ரெண்டையும் சேர்த்து அனுப்பு," என்றார். கோடு போட்ட முழுத்தாளில் நாலு பக்கம் எழுதி, அடியில் மறக்காமல் கையெழுத்துக்குக் கீழே ஊர், தாலுகா, மாவட்டம் எல்லாம் போட்டிருந்தார்.

அந்த நாலு பக்கத்தில் பதினோரு இடத்தில் அட்ஜஸ்ட் என்ற சொல் இருந்தது. வேறு எந்தச் சொல்லாக இருந்தாலும் சமாளித்திருப்பேன். கையேட்டில் அட்ஜஸ்ட் வந்தால் எனக்கு ஒரு நொடி வேலை. சோஸெய் என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். திருகாணியைச் சரிசெய்வதற்கும், கூட்டத்தின் நேரத்தை மாற்றிவைப்பதற்கும் அது போதும். அப்பாவின் குடும்பம் திருகாணியா என்ன? "நாங்கள் மிகவும் அட்ஜஸ்ட் பண்ணும் குடும்பம்" என்று தொடங்கியது கடிதம். கரண்டு போனால் அட்ஜஸ்ட் பண்ணுவோம். ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தால் நடவை அட்ஜஸ்ட் பண்ணுவோம். விருந்தாளி நூறு பேர் வந்தாலும் படுக்க இடம் அட்ஜஸ்ட் பண்ணுவோம். உங்கள் மகளின் சாப்பாட்டுக்கு என் மனைவி அட்ஜஸ்ட் பண்ணுவாள்.

போன் போட்டேன். "அப்பா, நாலாவது பாராவுல அட்ஜஸ்ட்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"என்னம்மா கேள்வி இது? அட்ஜஸ்ட்னா அட்ஜஸ்ட்தான்."

"விட்டுக்குடுக்கறதா, பழகிக்கறதா, தள்ளி உக்கார்றதா?"

"எல்லாந்தான். இத்தன வருஷம் படிச்சிருக்க, ஒரு அட்ஜஸ்டுக்கு வழியில்லையா அந்த பாஷையில?" என்று போனை வைத்துவிட்டார். எனக்கு மண்டை காய்ந்தது. என் தொழிலில் என்னை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும், அது பெற்ற அப்பாவாக இருந்தாலும். ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். தள்ளி உட்கார்வதற்கு ட்சுமெரு. பழகிக்கொள்வதற்கு நரெரு. விட்டுக்கொடுப்பதற்கு யுஸுரு. பதினோரு இடத்துக்கும் தனித்தனியாகச் சொல் பொறுக்கிப் போட்டேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் அப்பா எழுதியிருந்த வாக்கியம் இது: "மருமகளும் சிறிது அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் அட்ஜஸ்ட் பண்ணி வந்திருக்கிறார்கள்." அந்த இடத்துக்கு நான் கமன் என்ற சொல்லைப் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது என்று பொருள். ஜப்பானில் அது நல்ல குணம். ஊசி போடும்போது அழாத குழந்தையை அப்படிச் சொல்லித்தான் பாராட்டுவார்கள். என் பழைய மேனேஜர் அந்தச் சொல்லைச் சொல்லாத நாளே கிடையாது. பெருமையான சொல்லாயிற்றே என்று நினைத்துத்தான் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அரைப்பக்கம். அழகான கையெழுத்து. "என் மனைவி என் தாயின் வீட்டில் வாழ்நாள் முழுவதும் கமன் செய்தாள். என் மகளை அதற்காக அனுப்ப மாட்டேன். ஆயினும் நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது மரியாதை அல்ல. அறுவடைக் காலத்தில் வருகிறேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டதே! தம்பியிடம் மட்டும் சொன்னேன். அவன் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "பரவால்லக்கா, பார்த்துக்கலாம்," என்றான். என் ஒரு சொல்லால் அவன் கல்யாணம் நின்றுபோனால் ஆயுசுக்கும் அவன் முகத்தில் விழிக்க முடியாது என்று அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்பாவிடமும் அம்மாவிடமும், கடிதத்தில் அட்ஜஸ்ட் என்று வந்தது பெண்ணின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஆகவே அவர் வந்து தங்கியிருக்கும்வரை வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டேன். என் தவறை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் வரவில்லை.

தை மாசம் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தொப்பி, நீவி மடித்த கைக்குட்டை. கூடவே தம்பியும் அந்தப் பெண்ணும். தஞ்சாவூரில் என் வீட்டில் ஓர் இரவு தங்கவைத்து, மறுநாள் ஊருக்குக் கார் ஏற்பாடு செய்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், எங்கள் ஊர் பஸ்ஸில்தான் போக வேண்டுமாம். கும்பகோணத்தில் மாறி வலங்கைமான் பஸ்ஸில் ஏறினோம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் வந்தார். "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, அம்மா உக்காரட்டும்." மூன்றாவதாக ஒரு அம்மாள் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்த இன்னொரு பெண் முருங்கைக்காய் துருத்திக்கொண்டிருந்த பையைப் பெண்ணின் அப்பா மடியில் வைத்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, இப்ப இறங்கிடுவேன்," என்றாள். அவர் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வலங்கைமான் வரை நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். அந்தப் பெண் இறங்கும்போது எழுந்து நின்று குனிந்து கொடுத்தார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

வீட்டில் இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியிருந்தது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் குவியல் முறைக்காகக் காத்திருந்தது. அப்பா அவரைத் தினமும் அங்கே கூட்டிக்கொண்டு போய்த் தார்ப்பாயைத் தூக்கி நெல்லைக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அப்பா தமிழில் பேசுவார், அவர் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வார், இருவரும் தலையாட்டுவார்கள். உத்தரவு மட்டும்தான் காற்றில் பறந்தது. மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவர், பால்காரர், நெல் மூட்டை தூக்குபவர், எல்லோர் வாயிலும் அதே சொல். அப்பா வாயைத் திறந்து பாதியில் மூடிக்கொள்வார். அவர் பட்ட பாட்டைப் பார்த்து அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணத்தைப் பற்றி மட்டும் வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் விபரீதம். அவர் வந்த அன்று ஒரு பெட்டி நிறைய இனிப்பு கொண்டுவந்து கொடுத்திருந்தார். கறுப்பாகப் பளபளவென்று மூடியோடு இருந்த மரப்பெட்டி அது. இனிப்பு தீர்ந்துவிட்டது. பெட்டி விலை உயர்ந்தது போலிருக்கிறதே, திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று அம்மா நினைத்தாள். ஆனால் எங்கள் வீட்டில் யார் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து கீரை வந்த கிண்ணம்கூட ஒரு பிடி சர்க்கரையோடுதான் திரும்பிப் போகும். இது வெளிநாட்டு விருந்தாளியின் பெட்டி. அம்மா கொஞ்சம் கூடுதலாகவே செய்துவிட்டாள். பெரிய தாம்பாளத்தை எடுத்து, நடுவில் பெட்டியை வைத்து, சுற்றிலும் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், தேங்காய், ஒரு முழம் மல்லிகை, தம்பி காதலிக்கும் பெண்ணுக்கு என்று ஒரு புடவை எல்லாம் அடுக்கி, அப்பாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, வந்தவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தார். "எங்கள் பக்கமும் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டோம்," என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அத்தை மோர் வாங்க உள்ளே நுழைந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். தேங்காயைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார்.

"அடிப்பாவி மக்களா! தட்டு மாத்தியாச்சா? ஒரு வார்த்த சொல்லலையே!"

"இல்ல அண்ணி, அது வந்து..." என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவர் தெருவுக்குப் போய்விட்டார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? கால் மணி நேரத்தில் தெருவே வீட்டுக்குள் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடாத கோபம் பாதி, சந்தோஷம் பாதி. ஒருவர் சர்க்கரையைப் பெண்ணின் அப்பா வாயிலேயே போட்டார். இன்னொருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "சம்பந்தி, வாழ்த்துகள்ங்க!" என்றார். தம்பி மண்டு மாதிரி இளித்துக்கொண்டு நின்றான். அப்பாவாவது மறுப்பார் என்று பார்த்தால், மனிதர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு வாழ்த்துகளை வாங்கிக்கொண்டிருக்கிறார்!

பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்கள்?"

அறுவடைக்கு வாழ்த்துகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஏற்கனவே ஒரு சொல்லால் பட்டது போதும் என்று உண்மையைச் சொன்னேன். "நீங்கள் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டதாக நினைக்கிறார்கள். எங்கள் வழக்கத்தில் இந்தத் தட்டுக்கு அதுதான் அர்த்தம். அம்மா அப்படி நினைத்துக் கொடுக்கவில்லை."

அவர் தாம்பாளத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்துக்கும் ஏதோ சரியில்லை என்று புரிந்தது. ஒவ்வொருவராக நழுவினார்கள். வீட்டில் நாங்கள் ஆறு பேர்தான் மிஞ்சினோம். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆனது ஆயிப்போச்சு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லும்மா அவர," என்று சொல்லிவிட்டு, சொன்னபின் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தச் சொல்," என்றார் வந்தவர். "விமானத்திலிருந்து இறங்கியதிலிருந்து கேட்கிறேன். பஸ்ஸில், கடையில், வயலில். உங்கள் அப்பாவின் ஆங்கிலக் கடிதத்திலும் அதே சொல்லைப் பார்த்த ஞாபகம். அதற்கு என்ன பொருள்?"

தப்பிக்க இனி வழியில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். பதினோரு இடம், பதினோரு பொருள், கடைசி இடத்தில் நான் போட்ட கமன். "அப்பா எழுதியது அவ்வளவு கடுமையான சொல் இல்லை. பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தீர்களே, அந்த மாதிரி. தவறு முழுக்க என்னுடையது," என்று ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டு, அதையும் அவர் எழுதிய பதிலையும் அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயதுப் பொம்பிளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.

அம்மாதான் கேட்டாள். "நீ எழுதின அந்த வார்த்தைக்கு என்னடி அர்த்தம்?"

"பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துப்போறது."

"இந்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்கன்னு எழுதினியா?"

"ஆமாம்மா."

"அப்போ சரியாத்தானடி எழுதியிருக்க," என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏய், என்ன சொல்ற நீ? உனக்கு இங்க என்ன குறை?"

"குறைன்னு யாருங்க சொன்னா? பொறுத்துக்கிட்டதச் சொல்றேன்."

"எதப் பொறுத்துக்கிட்ட? ஒண்ணு சொல்லு பார்ப்போம்."

"எனக்கு டீ பிடிக்காது," என்றாள் அம்மா. "எங்க வீட்ல காபிதான். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில இங்க டீ குடுத்தாங்க. குடிச்சேன். நாப்பத்திரண்டு வருஷமாக் குடிக்கிறேன்."

அம்மாவின் கையால் ஆயிரக்கணக்கான டம்ளர் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். ஒரு நாளாவது கேட்டேனா? "சொல்லவே இல்லையே நீ," என்றார் அப்பா, கிட்டத்தட்ட கெஞ்சுகிற குரலில்.

"நீங்க கேக்கவேயில்லையே," என்றாள் அம்மா. பிறகு என்னிடம் திரும்பினாள். "என்னைக் குடுக்கும்போது எங்க அப்பா இந்த வீட்டு வாசல்படியக்கூட மிதிக்கல. மாமாகிட்ட தட்டக் குடுத்து அனுப்பிட்டாரு. இவரு கடல் தாண்டி வந்து நின்னு, எம் பொண்ணு எதப் பொறுத்துக்கணும்னு கேக்கறாரு. அந்தப் பொண்ணு குடுத்துவச்சவ. இத அப்படியே சொல்லு, ஒரு வார்த்த விடாதே."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். என் மொழிபெயர்ப்பு வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக எதுவும் வந்ததில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நானும் கேட்டதில்லை," என்றார். "என் மனைவிக்கு எது பிடிக்காது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனி யாரிடம் கேட்பது?"

அதை நான் தமிழில் சொன்னபோது அப்பா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கையைப் போட்டார். ஜப்பானியர்களுக்கு அது பழக்கமில்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் தோளை விலக்கவில்லை, நானும் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு அவர் தன் மகளைப் பார்த்தார். "இந்த வீட்டில் உனக்குப் பிடிக்காதது என்ன? இப்போதே, எல்லோர் எதிரிலும் சொல்."

அவள் முகம் சிவந்துவிட்டது. தம்பியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு தம்பி சொல்லிக்கொடுத்திருந்த கொச்சைத் தமிழில் நேரடியாக என் அப்பாவிடமே சொன்னாள். "காலைல அஞ்சு மணி. கோயில் ஸ்பீக்கர். ரொம்பச் சத்தம்."

"ஐயையோ, அத நான் ஒண்ணும் பண்ண முடியாதேம்மா! எனக்கே ஆகாது அது!" என்று அப்பா அலறினார். அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன நடந்தது என்று அவர் கேட்டார். சொன்னேன்.

"சொல்லிவிட்டாள்," என்றார் அவர். "சொல்லத் தெரிகிறது. உங்கள் வீட்டாரும் கேட்டுக்கொண்டார்கள். போதும்." எழுந்து மேஜைமேல் இருந்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் திரும்ப எடுத்துக்கொண்டார். தம்பி தடாலென்று அவர் காலில் விழுந்தான். அவர் பயந்துபோய் தேங்காயைக் கீழே விட்டார். எதிர்வீட்டு அத்தை ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "ஒடையல, ஒடையல, நல்ல சகுனந்தான்!" என்று கத்தினார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

மறுநாள் விடிந்ததும் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு வலங்கைமான் போனார். காபித்தூளும் ஒரு பித்தளை ஃபில்டரும் வாங்கிவந்தார். யாரையும் சமையலறைக்குள் விடவில்லை. பாத்திரங்கள் உருளும் சத்தமும் அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்வதும் முக்கால் மணி நேரம் கேட்டன. கடைசியில் டபராவில் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, பரீட்சைப் பேப்பர் கொடுத்த பையன் மாதிரி நின்றார். வந்தவரும் அவர் மகளும் தம்பியும் நானும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். "பால்ல தண்ணி. தூள் பத்தல. சர்க்கரை கொட்டியிருக்கு," என்றாள். ஆனால் டபராவைக் கீழே வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. வேற என்ன?"

"வேறன்னா?"

"வேற எதெல்லாம் உனக்குப் பிடிக்காது? கேக்கலன்னு சொன்னியே. இப்பக் கேக்கறேன்."

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"உக்காருங்க," என்றாள். "நெறைய இருக்கு."